நான்கு வரிக்கும் ஒரே பெயர்

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாவது வரியின் எண் இன்று ஒன்றே ஒன்று கூடியது. போன வாரம்வரை அது நூறு, இருநூறு என்று ஓடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேறு எண்ணாகிவிடும். இன்று 1 என்பது 2 ஆனது, அப்படியே நின்றுவிட்டது. கூடினால் பச்சை, கூடாவிட்டால் சிவப்பு என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூடியது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

இந்த நோட்டு புதிது என்பதால் என் வேலையை எழுதி வைக்கிறேன். இன்டர்நெட் பெட்டிக்குள் போகும் போர்டுகள் என் மேசைக்கு வரும். பவர் போட வேண்டும், நெட் கேபிளை மாட்ட வேண்டும். திரையில் நான்கு வரிகள் வரும். மூன்றாவது வரியின் எண்ணைப் பார்த்து, பத்து விநாடி கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்தப் போர்டை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரை எழுதியவர் ஹரிபிரசாத் சார். எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். "நெட் சிப்புல ஏதாவது நடந்தா, அது ப்ராசஸரை பெல் அடிச்சுக் கூப்பிடும். அதுக்குப் பேரு இன்டரப்ட். எத்தனை தடவை அடிச்சதுங்கறதுதான் இந்த நம்பர். உனக்கு அதெல்லாம் வேணாம். மூணாவது வரியைப் பாரு, போதும்" என்றார். தலையாட்டினேன்.

என் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அதிலிருந்து சுருள் கம்பி மேசைக்குப் போகும். உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்க. எழுந்தால் இழுக்கும். அதனால் எழுவதில்லை.

சாயங்காலம் ஹாஸ்டலில் வார்டன் "மாரிச்செல்வி" என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். காது மந்தமா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

ஜூன் 4, புதன்

நான்கு வரிகளின் கடைசியிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. லேன், லேன், லேன், லேன். மூன்று மாதமாகப் பார்க்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது. வரிசையில் எத்தனையாவது என்பதைத் தவிர ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க வழியே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஐந்து சிவப்பு. இவ்வளவு வந்ததே இல்லை. எல்லாம் வெண்ணிலா அக்காவுக்குத் திரும்பிப் போயின. கேபிள் சொருகும் வாயைப் போர்டில் ஈயம் உருக்கி ஒட்டுவது, அதாவது கையால் சால்டர் வைப்பது, அவள்தான்.

ஹாஸ்டலில் சாம்பாரில் உப்பு இல்லை.

ஜூன் 5, வியாழன்

ஏழு சிவப்பு. எல்லாம் மத்தியானத்துக்கு மேல்.

சூப்பர்வைசர் கல்பனா மேடம் வெண்ணிலா அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "காலையில நல்லாத்தான வைக்கிற? சோறு உள்ள போனதும் தூக்கம் சொக்குதா?" என்றார்.

"தூங்கற அளவுக்கா மேடம் சோறு போடறாங்க?" என்றாள் அக்கா.

வரிசை முழுக்கச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார். எழுந்தேன், சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் போகவில்லை. பிறகு யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

ஒன்பது.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் போன். ஆளுக்குக் கால் மணி நேரம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், பக்கத்தில் வார்டன் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஹாஸ்டலில் ஒரே ஒரு மணிதான். போனுக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான், தலை எண்ணுவதற்கும் தண்ணீர் லாரிக்கும் அதுதான். மணி அடித்தால் ஒருத்தி தட்டோடு ஓடுவாள், ஒருத்தி குடத்தோடு ஓடுவாள். "எதுக்கு அடிக்கிறாங்கன்னு அடிக்கிறவங்களுக்காச்சும் தெரியுமாடி?" என்று வெண்ணிலா அக்கா சொல்வாள்.

அம்மா எப்போதும் கவனமாகத்தான் பேசுவாள். இன்று மறந்துவிட்டாள். "சாப்ட்டியாட்டி இசக்கி? அக்காளுக்கு எட்டு மாசம், காலெல்லாம் வீங்கிக் கெடக்கு" என்றாள்.

வார்டன் நிமிர்ந்தார். "யாரு இசக்கி?"

நான் போனையே பார்த்தேன். தன் முறைக்காக வரிசையில் நின்ற வெண்ணிலா அக்கா, "சாமி பேரும்மா. அவங்க ஊருப் பக்கம் சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட சாமியக் கூப்பிட்டுட்டுத்தான் கேப்பாங்க" என்றாள். அவள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். எங்கள் தென்காசியை அவள் பார்த்ததே இல்லை.

வார்டன் விட்டுவிட்டார். துணி காயப்போடும் இடத்தில் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "இசக்கி நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 9, திங்கள்

வெள்ளிக்கிழமை சிவப்பானவற்றுக்கு அக்கா மறுபடி சால்டர் வைத்திருந்தாள். காலையில் ஒன்பதையும் சோதித்தேன். ஒன்பதும் பச்சை.

"பாத்தியா? திருப்பி ஒழுங்கா வெச்சா வருது. அப்ப மொதல்ல ஒழுங்கா வைக்கல" என்றார் கல்பனா மேடம். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "நான் நல்லாத்தான் வைக்கிறன்டி. ஆனா ரெண்டாவது தடவ வெச்சா பாஸ் ஆவுதே. அப்ப எனக்கே தெரியாம என்னமோ தப்புப் பண்றனா?"

இந்த வேலை போனால் அவளுக்கு வீடுதான். வீட்டில் அவளுடைய மாமன் இருக்கிறார். நாற்பது வயது, முதல் மனைவி இறந்துவிட்டாள். இரண்டு வருஷமாக "லீவு கெடைக்கல, லீவு கெடைக்கல" என்று சொல்லியே கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். லீவு கேட்டு அவள் ஒரு நாளும் எழுதிக் கொடுத்ததில்லை. எல்லோரும் ஹாஸ்டல் கேட்டைப் பார்த்து எப்போது வெளியே போவோம் என்பார்கள். அவள் ஒருத்திதான் கேட் பூட்டும் சத்தம் கேட்டதும் படுக்கையில் காலை நீட்டுவாள்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கை தவறி, பவர் போட்ட போர்டிலிருந்து கேபிள் கழன்று விழுந்தது. திரையில் மூன்றாவது வரி ஒன்று கூடியது. மறுபடி மாட்டினேன். இன்னொன்று கூடியது.

கழற்றினேன், ஒன்று. மாட்டினேன், ஒன்று.

அந்த நேரத்தில் முதல் வரி நூறு நூறாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 11, புதன்

தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடம் பிடித்தேன். போர்வை துவைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். நகம் வெட்டினேன். வேறொன்றும் இல்லை.

எட்டு சிவப்பு.

ஜூன் 12, வியாழன்

டீ இடைவேளையில் எல்லோரும் போன பிறகு ஒரு போர்டை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து எதையாவது அனுப்பினால் முதல் வரி ஓடுகிறது. போர்டு பதில் அனுப்பும்போது இரண்டாவது. கேபிளை மாட்டினால், கழற்றினால் மூன்றாவது. நான்காவது என்ன செய்தும் அசையவில்லை. வீணாய்ப்போன பழைய கேபிள் ஒன்றை மாட்டி முறுக்கிப் பார்த்தேன், அப்போது அசைந்தது. நான்கிற்கும் நானே பெயர் வைத்தேன்.

வருவது.
போவது.
கேபிள்.
தப்பு.

போன மாதம்வரை "வருவது" மூன்றாவதாக இருந்திருக்கிறது. இரண்டாம் தேதி புது சாஃப்ட்வேர் ஏற்றினார்கள், அதில் வரிசை மாறிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்பதால் மாறியது யாருக்கும் தெரியவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் நான் முதலில் பவர் போடுவேன், திரையைப் பார்ப்பேன், பிறகு கேபிளை மாட்டுவேன். அப்போது மூன்றாவது வரி ஒன்று கூடும். பச்சை. மத்தியானத்துக்கு மேல் மேடம் எண்ணிக்கை கேட்டு விரட்டுவார். நேரம் மிச்சம் பிடிக்க, ஒரு போர்டு ஓடும்போதே அடுத்ததற்குக் கேபிளை மாட்டி வைத்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்வதில்லை, முடிந்ததற்குச் செய்வேன். அதில் பவர் போட்ட பிறகு மாட்டவோ கழற்றவோ எதுவும் இல்லை. எண் அப்படியே நிற்கும். சிவப்பு.

அக்கா இரண்டாவது தடவை சால்டர் வைத்ததால் அவை பாஸ் ஆகவில்லை. நான் காலையில் சோதித்ததால் பாஸ் ஆயின.

பச்சைக்கும் அர்த்தம் இல்லை, சிவப்புக்கும் அர்த்தம் இல்லை. ஒட்டியது மட்டும் என் கை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் ஹரிபிரசாத் சாரின் கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டு வைத்தேன். "சார், புது சாஃப்ட்வேரில் மூன்றாவது வரி கேபிளைத்தான் எண்ணுகிறது. முதல் வரிதான் வருவது. நான்கிற்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் நல்லது." பெயர் போடவில்லை.

மத்தியானம் எண்ணிக்கை குறைகிறது என்று மேடம் கத்தினார். கை தானாகக் கேபிளை முதலில் மாட்டியது. நிறுத்தியிருக்கலாம். ஆறு சிவப்பு. ஆறும் சிவப்பு டிரேயில் இருக்கின்றன. இனி அக்கா தொட வேண்டாம் என்று மேடம் அவற்றை எடுத்து வைத்துவிட்டார்.

ஜூன் 14, சனி

திரையில் பெயர்கள் மாறிவிட்டன. லேன் என்பதற்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலை. ஆர்எக்ஸ் என்றால் வருவது, டிஎக்ஸ் என்றால் போவது. லிங்க் என்பது கேபிள். எரர் என்பது தப்பு. நான் வைத்த நான்கும்தான், இங்கிலீஷில். "இனிமே வரிசையை எண்ணாத. ஆர்எக்ஸ்னு போட்டிருக்கற வரியை மட்டும் பாரு. சின்ன அப்டேட்" என்று சார் எல்லா சோதனை மேசைக்கும் வந்து சொன்னார். என் மேசையில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று ஒரு சிவப்பும் இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் கல்பனா மேடம் வெண்ணிலா அக்காவிடம், "திட்டினாத்தான் உனக்கு வேலை ஒழுங்கா வருது, இல்ல?" என்றார். மொத்தம் நாற்பத்தேழு சிவப்புப் போர்டுகள், எல்லாம் அவள் கணக்கில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கு திங்கட்கிழமை ஹெச்.ஆர். அறைக்குப் போகிறதாம்.

ஜூன் 16, திங்கள்

தண்ணீர் பாட்டில் நிரப்பும் இடத்தில் ஹரிபிரசாத் சார் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "சீட்டு நீதானே வெச்ச? உன் செக்லிஸ்ட் எழுத்தை நான் பார்த்திருக்கேன்" என்றார்.

நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"நல்லா கண்டுபிடிச்ச. உண்மையாச் சொல்றேன், எனக்கே தோணல. வேலை செய்யுதேன்னு எல்லாத்துக்கும் ஒரே பேரைக் குடுத்து விட்டுட்டேன். ஆனா இதை இத்தோட விடு. வரிசை மாறினது என் தப்பு, கேபிளை முன்னாடியே மாட்டினாத்தான் அந்த நம்பர் நிக்கும், அது உன் தப்பு. வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். அதான் சரி பண்ணிட்டேன்ல?"

"வெண்ணிலா அக்கா?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் சொல் அதுதான்.

"அவங்களுக்கு வேற கம்பெனி கிடைக்கும்மா."

பாட்டில் நிரம்பி வழிந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். வியாழக்கிழமை விசாரணை. அன்று முடிவானால் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வெண்ணிலா அக்காவை ஊருக்கு அனுப்புவார்கள். வீட்டுக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிட்டார்கள். அழைத்துப்போக மாமன் வருகிறாராம்.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. யாராவது எதையாவது சொல்ல விரும்பினால் வரலாம். எழுதிக் கொடுப்பவர்கள் ஆதார் எண்ணைச் சொல்லி மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். போன வருஷம் யாரோ இன்னொருத்தி பெயரில் புகார் எழுதிவிட்டார்களாம், அதனால் இப்படி.

கையில் ரேகை எல்லோருக்கும் இருக்கிறது. என்னிடம் இருக்கும் கார்டு என் கூடப்பிறந்த அக்காவுடையது, என் விரல் அதோடு ஒத்துப்போகாது. இதை இந்த நோட்டில் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். எனக்குப் பதினாறு முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது, பதினெட்டு ஆகாமல் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். மாரிச்செல்வி என் அக்கா. மூக்கும் நெற்றியும் எங்களுக்கு ஒன்று. சேர்ந்த அன்று விரல் மெஷின் ரிப்பேர், ஜெராக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஏஜென்ட் வேனிலேயே சொல்லிவிட்டார்: "யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத. மாட்டுனா போலீஸ் ஒங்க அக்கா வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும்." வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அனுப்பினாள்.

என் அக்காவுக்கு எட்டு மாதம்.

ஜூன் 18, புதன்

வெண்ணிலா அக்கா பெட்டி கட்டினாள். கட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பாதி தேய்ந்த சோப்பை என்னிடம் கொடுத்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வரி, பெயர், கேபிள், காலை, மத்தியானம், என் அக்காவின் கார்டு. சொல்லி முடிக்க ரொம்ப நேரமானது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் கையை மறுபடி பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு?"

"ஆமாக்கா."

"பதினஞ்சு நாளா சோத்தப் பெசையும்போதுகூட இந்தக் கையையே பாத்துட்டிருந்தன்டி பாவி."

நாளைக்குப் போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "விரல் வெக்கச் சொல்வாங்கடி இசக்கி. தெரியுமில்ல? உன்னய வெளிய தள்ளிட்டு, உங்க அக்காளயும் கூப்பிட்டு நிக்க வெப்பாங்க. வாய மூடிட்டு இரு. நான் என்னமோ ஒரு லீவு கெடைக்காத எடமாப் பாத்துக்கறன்."

"மாமன் வர்றாராமே?"

அவள் பெட்டியைத் திறந்து, மடித்திருந்த சுடிதாரை எடுத்து மறுபடி மடித்தாள்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. பிறகு சோற்றுக்கு என்று தெரிந்தது.

ஜூன் 19, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வெண்ணிலா அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். என் மேசையிலிருந்து ஹெச்.ஆர். அறையின் கண்ணாடி தெரியும். கல்பனா மேடம் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு ஒரு போர்டு வந்தது, சோதித்தேன், பச்சை. இன்னொன்று வந்தது. அதை எடுக்கவில்லை.

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினேன். சிவப்பு டிரேயை எடுத்துக்கொண்டு போனேன். அதில் வெள்ளிக்கிழமையின் ஆறு போர்டுகள் இருந்தன, யாரும் மறுபடி சால்டர் வைக்காதவை. கதவைத் தட்டக் கை இல்லை. முழங்கையால் தட்டினேன்.

"என்னம்மா?" என்றார் ஹெச்.ஆர். மேடம்.

ஒன்பதாம் வகுப்பில் போலவே சத்தம் வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். வெண்ணிலா அக்கா "போ" என்று கண்ணால் சொன்னாள். டிரேயை மேசைமேல் வைத்தேன், பிறகு வந்தது.

"அக்கா சால்டர்ல தப்பு இல்ல மேடம். நாந்தான் பவருக்கு முந்தியே கேபிளை மாட்டிப்போட்டேன். அப்போ எல்லா வரிக்கும் ஒரே பேரு. மூணாவது வரி கேபிளத்தான் எண்ணும். இந்த ஆறையும் இப்ப போட்டுப் பாருங்க."

"ஏம்மா, யாரக் கேட்டு மேசைய விட்டு எழுந்த?" என்றார் கல்பனா மேடம்.

ஹெச்.ஆர். மேடம் ஹரிபிரசாத் சாரைக் கூப்பிட்டு, அந்த ஆறையும் அங்கேயே தன் லேப்டாப்பில் போட்டுச் சோதிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் போட்டார். ஆர்எக்ஸ் வரி ஆறிலும் நூறு நூறாக ஓடியது. ஆறாவது முடிந்ததும் அவர் திரையைப் பார்த்தபடியே, "நல்ல போர்டுதான் மேடம். எல்லாமே. வரிசை என் சைடுல மாறியிருக்கு" என்றார்.

வெண்ணிலா அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பார்த்தேன்னு ஃபைல்ல போட முடியாதும்மா" என்று ஹெச்.ஆர். மேடம் சொன்னார். "சிவப்பு ஒட்டினவங்க ஸ்டேட்மென்ட் வேணும். அது இல்லன்னா நாளைக்கு பஸ் லிஸ்ட் மாறாது. நீ சொன்னதையே எழுதிக்கிறேன்." தட்டச்சு செய்தார். எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது மாதிரியேதான் இருந்தது. மெஷினை என் பக்கம் திருப்பினார். சின்ன கண்ணாடி, உள்ளே சிவப்பு வெளிச்சம்.

"மாரிச்செல்விதானே? உன் ஆதார் நம்பர் இதுல இருக்கு. விரலை மட்டும் வை."

"வேணாண்டி" என்றாள் வெண்ணிலா அக்கா.

கட்டைவிரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டேன். கண்ணாடிமேல் வைத்தேன்.